84ஆம் பிரிவு யாரைக் காப்பாற்றும்? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

குற்றவியல் வழக்குகளில் வாதாடி ஓய்வுபெற்றவன் நான். இந்திய தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு, அதாவது மனநோயைக் காரணமாகச் சொல்லும் எதிர்வாதம் பற்றி வந்த கேள்விகளில் என் துறைக்குள் அடங்குபவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். பாதிக் கேள்விகளில் 'பைத்தியம்' என்று எழுதியிருந்தீர்கள். அதையெல்லாம் 'மனநோய்' என்று மாற்றிவிட்டேன்.

சட்டக் கல்லூரி மாணவி: மெக்நாட்டன் விதிகள் என்று வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். 180 ஆண்டு பழைய விதி இன்னும் எதற்கு?

நல்ல கேள்வி. கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

டேனியல் மெக்நாட்டன் ஸ்காட்லாந்துக்காரர், மரம் கடையும் தொழிலாளி. ஆளும் டோரி கட்சி தன்னை விரட்டி விரட்டித் துன்புறுத்துகிறது என்று நம்பினார். 1843 ஜனவரியில் பிரதமர் ராபர்ட் பீலின் தனிச் செயலாளர் எட்வர்ட் டிரம்மண்டை லண்டனில் சுட்டார். டிரம்மண்ட் சில நாட்களில் இறந்துபோனார். பிரதமர் என்று நினைத்துச் செயலாளரைச் சுட்டுவிட்டார் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். ஜூரி மனநோயை ஏற்று, குற்றவாளி அல்ல என்றது. ஊரே கொதித்தது, விக்டோரியா ராணி உட்பட. நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபை நீதிபதிகளை அழைத்துச் சில கேள்விகளை முன்வைத்தது. அவர்கள் சொன்ன பதில்கள்தான் மெக்நாட்டன் விதிகள். அதாவது, அவர் பெயரைத் தாங்கிய விதி அவர் வழக்கின் தீர்ப்பில் வந்ததே இல்லை. அந்த விதியை அவருக்கே கறாராகப் பொருத்தியிருந்தால் தப்பியிருப்பாரா என்பது சந்தேகம்தான்.

விதியின் சாரம் இதுதான்: செய்த நேரத்தில், மனநோயின் காரணமாக, தான் செய்யும் செயலின் தன்மை தெரியாமல் இருந்திருக்க வேண்டும், அல்லது அது தவறு என்பது தெரியாமல் இருந்திருக்க வேண்டும். 1860இன் இந்திய தண்டனைச் சட்டம் இதைத் தன் நடையில் 84ஆம் பிரிவாக வைத்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் அதுவே 22ஆம் பிரிவு. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அதே 84ஆம் எண்தான், இலங்கையில் 77. எண்ணைவிட அதில் உள்ள 'செய்த நேரத்தில்' என்ற சொல்லை நினைவில் வையுங்கள். இன்று இதை இன்னும் பல தடவை சொல்ல வேண்டியிருக்கும் என்று தெரிகிறது.

அப்புறம், மெக்நாட்டன் வீட்டுக்குப் போகவில்லை. 1865இல் சாகும்வரை 22 ஆண்டுகள் பெத்லம், பிராட்மூர் மனநலக் காப்பகங்களிலேயே கழித்தார்.

ஒருவர்: மனநல மருத்துவரின் சான்றிதழ் இருந்தால் விடுதலை கிடைக்குமா?

கிடைக்காது. மருத்துவர் பார்க்கும் நோய் வேறு, சட்டம் கேட்கும் இயலாமை வேறு. தீவிர மனச்சிதைவு உள்ளவர்கூட, குத்தும்போது கத்தியால் குத்துகிறோம், அது குற்றம் என்று அறிந்திருந்தால் 84 உதவாது. நோயின் வரலாறு ஒரு சாட்சியம், அவ்வளவுதான்.

அது எப்படி எடைபோடப்படும் என்பதற்கு 2002இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கைப் பாருங்கள். மனைவியை அம்மிக்கல்லால் தாக்கிக் கொன்ற ஒரு காவலர். ஏற்கனவே மனச்சிதைவுக்குச் சிகிச்சை பெற்றவர், குடும்பத்திலும் மனநோய் வரலாறு இருந்தது. நோக்கம் என்று சொல்ல மிக அற்பமான ஒரு சச்சரவுதான். பட்டப்பகலில் நடந்தது, அவர் ஓடவுமில்லை, ஒளியவுமில்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் 84இன் பலனைக் கொடுத்தார்கள். அங்கே பேசியது முன்னும் பின்னும் அவர் நடந்துகொண்ட விதம்.

அரசுத் தரப்பில் பணியாற்றியவர்: நிரூபிக்கும் பாரம் எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) மேல்தானே? சந்தேகத்தின் பலன் எங்கிருந்து வருகிறது?

பாரம் எதிரி மேல்தான். ஆனால் அரசுத் தரப்புச் சுமக்கும் அளவு பாரம் இல்லை. 1964இல் தஹ்யாபாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: சிவில் வழக்கில் போதுமான அளவுக்கு நிரூபித்தால் போதும். அந்த அளவை எட்டாவிட்டாலும், குற்ற மனம், அதாவது குற்றம் செய்யும் எண்ணம், இருந்ததா என்பதிலேயே அந்தச் சாட்சியம் நியாயமான சந்தேகத்தை எழுப்பினால் விடுதலைதான். ஏனெனில் குற்ற மனத்தை நிரூபிக்கும் பாரம் கடைசிவரை உங்கள் பக்கத்தைவிட்டு நகர்வதில்லை. உங்களுக்கு இது தெரியாமல் இருக்காது.

திரைக்கதை எழுதுபவர்: நாயகன் கொலை செய்துவிட்டு மனநோயாளியாக நடித்துத் தப்புகிறான். நடக்குமா?

படத்தில் நடக்கும். நிஜத்தில் வாரக்கணக்கில் மருத்துவமனைக் கண்காணிப்பில் வைப்பார்கள். தூங்கும்போதும் யாரோ பார்த்துக்கொண்டிருப்பார்கள். தப்பினாலும் அவன் போய்ச் சேருமிடம் வீடு இல்லை.

நீரிழிவு நோயாளி: சர்க்கரை இறங்கி நினைவு தப்பிய நிலையில் ஒருவர் யாரையாவது தாக்கினால் அதுவும் மனநோயா?

இங்கிலாந்துச் சட்டத்தின் மிக வேடிக்கையான மூலைக்கு வந்திருக்கிறீர்கள். 1973இல் குவிக் என்பவர் இன்சுலின் போட்டுக்கொண்டு சரியாகச் சாப்பிடாமல் சர்க்கரை இறங்கிய நிலையில் ஒரு நோயாளியைத் தாக்கினார். காரணம் வெளியிலிருந்து வந்த இன்சுலின், ஆகவே அது மனநோய் இல்லை, தன்னிச்சையற்ற செயல் என்றது நீதிமன்றம். தண்டனை ரத்து. 1989இல் ஹென்னஸி இன்சுலின் போடாமல் விட்டுச் சர்க்கரை ஏறிய நிலையில் காரை எடுத்துப் போனார். காரணம் உள்ளிருந்து வந்த நோய், ஆகவே சட்டத்தின் கண்ணில் அது மனநோய்! அதே ஆள், அதே நோய், ஊசி போட்டால் ஒன்று, போடாவிட்டால் இன்னொன்று. வலிப்பு வந்தவரையும் 1983இல் சல்லிவன் வழக்கில் இந்தப் பெட்டியில்தான் போட்டார்கள். தூக்கத்தில் நடந்து தாக்கியவர் 1991இல் இங்கிலாந்தில் மனநோயாளி ஆனார். அடுத்த ஆண்டே கனடாவில், தூக்கத்தில் நடந்து மாமியாரைக் கொன்றவர் எந்த முத்திரையும் இல்லாமல் வெளியே போனார். இதைச் சட்டத்தின் நுணுக்கம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வேறொருவர்: பழைய மருந்துச் சீட்டுகள் இருந்தால் போதுமா?

மேலே சொல்லிவிட்டேன். சம்பவ நேரம்.

வழக்கறிஞர், புதியவர்: 'குறைந்த பொறுப்பு' என்ற வாதம் நம் சட்டத்தில் உண்டா? கட்சிக்காரருக்காகக் கேட்கிறேன்.

மனநோய் பொறுப்பை முழுதாக நீக்காமல் குறைக்க மட்டும் செய்யும் என்ற வாதம் அது. இந்தியாவில் இல்லை. உங்கள் வழக்கு எங்கே என்று சொல்லவில்லை, அதனால் எல்லாவற்றையும் சொல்கிறேன்.

முழுப் பொறுப்பு அல்லது பூஜ்யம் என்று இரண்டே கதவுதான் 84இல். நடுவில் ஒரு கதவு வேண்டும் என்ற எண்ணம் ஸ்காட்லாந்தில் பிறந்தது. 1867இல் டிங்வால் வழக்கில் டியாஸ் பிரபு ஜூரிக்கு அந்த வழியைக் காட்டினார். இங்கிலாந்து 1957இல்தான் அதைச் சட்டமாக்கியது. கொலைக் குற்றத்துக்கு மட்டும் பொருந்தும். வெற்றிபெற்றால் விடுதலை இல்லை, ஒரு படி இறங்கி, கொலையைவிடக் குறைந்த குற்றமான 'மேன்ஸ்லாட்டர்' ஆகும். கொலைக்குக் கட்டாய ஆயுள் தண்டனை, இதற்கு நீதிபதியின் கையில் தண்டனை. 1960இன் பைர்ன் வழக்கு, உந்துதலை அடக்க முடியாத நிலையையும் இதற்குள் கொண்டுவந்தது. பைர்னுக்குக் குற்றத்தின் பெயர் மாறியது, ஆயுள் தண்டனை அப்படியே நின்றது. உங்கள் கட்சிக்காரருக்கு அதையும் சொல்லிவிடுங்கள். இங்கிலாந்தின் 2009 சட்டம் வரையறையை இறுக்கியது: மருத்துவம் அங்கீகரித்த ஒரு நோய் வேண்டும், அது அவர் செய்ததை விளக்கவும் வேண்டும்.

சிங்கப்பூரில் கொலைப் பிரிவின் 7ஆம் விதிவிலக்காக இது இருக்கிறது. இந்தியாவில் பழைய 300ஆம் பிரிவின் (இப்போது 101) விதிவிலக்குகளில் திடீர்க் கோபமூட்டலுக்கு இடமுண்டு, நோயுற்ற மனத்துக்கு இல்லை. என் கண்ணுக்கு இது பெரிய ஓட்டை. இங்கே மனநோய் உள்ளே வருவது தண்டனைக் கட்டத்தில்தான். 2014இல் சத்ருகன் சவுகான் வழக்கில் மனநோயைத் தூக்கைக் குறைக்கும் காரணமாக ஏற்றார்கள். 2019இல், தண்டனைக்குப் பின் வந்த கடும் மனநோயையும் ஏற்றார்கள்.

மனநல மருத்துவர்: நீங்கள் 'அறிதல்' என்பதையே பிடித்துத் தொங்குகிறீர்கள். கடவுள் கட்டளை என்று நம்பிக் குழந்தையைக் கொல்லும் தாய்க்கு, அது கொலை என்றும் தெரியும், சட்டம் தண்டிக்கும் என்றும் தெரியும். அவரைக் குற்றவாளி என்பீர்களா?

நான் சொல்ல மாட்டேன். சட்டம் என்ன சொல்லும் என்பதில் நீதிமன்றங்களுக்குள்ளேயே சண்டை.

84இல் உள்ள வாசகம், செயல் 'தவறானது அல்லது சட்டத்துக்கு முரணானது' என்று அறிய இயலாதவர் என்பது. 1940களின் இறுதியில் கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் அஷிருத்தீன் வழக்கு, கிட்டத்தட்ட நீங்கள் சொல்வதேதான்: கனவில் வந்த கட்டளையை நம்பி மகனைப் பலியிட்ட தந்தை. செயலும் தெரியும், சட்டமும் தெரியும், ஆனால் அது தவறு என்று அறியும் நிலையில் இல்லை. விடுதலை. 1959இல் அலகாபாத் உயர் நீதிமன்றம், இரண்டில் ஒன்று தெரிந்திருந்தாலும் பாதுகாப்பு இல்லை என்றது. எனக்குக் கல்கத்தா சரி. 'அல்லது' என்றால் அல்லதுதான்.

தமிழாசிரியர்: குறுக்கே வருகிறேன், ஐயா. 'எழுதவோ படிக்கவோ தெரியாதவர்' என்றால் இரண்டும் தெரியாதவர் என்றுதான் பொருள். எதிர்மறையோடு வரும் 'அல்லது' இரண்டையும் சேர்த்தே மறுக்கும். அலகாபாத்தான் இலக்கணப்படி சரி.

ஐயா, இப்படி மாட்டிவிடுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. இலக்கணத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இது தண்டனைச் சட்டம். இரண்டு பொருள் கொள்ள இடமிருந்தால் எதிரிக்குச் சாதகமானதை எடுக்க வேண்டும் என்பது எங்கள் இலக்கணம். அதோடு, நீங்கள் சொல்லும் பொருளில் 'தவறானது' என்ற சொல்லே தேவையில்லாமல் போகிறது. சட்டத்துக்கு முரண் என்று தெரிந்த உடனேயே கதை முடிந்துவிடுமே.

தமிழாசிரியர்: போகாது. சட்டம் தெரியாத ஆனால் தவறு என்று தெரிந்தவரைப் பிடிக்க அந்தச் சொல் வேண்டும்.

சரி. அந்தப் புள்ளி உங்களுக்கு.

மனநல மருத்துவர்: நீங்கள் இருவரும் சொல்லில் சண்டையிடுகிறீர்கள். அந்தத் தாய் சிறையில் இருக்கிறார்.

அதுவும் உண்மை. மற்ற நாடுகள் சொல்லையே வேறு மாதிரி படித்தன. மனைவிக்கு ஆஸ்பிரின் கொடுத்துக் கொன்ற விண்டில், போலீஸிடம் தன்னைத் தூக்கில் போடுவார்கள் என்று சொன்னார். 'தவறு' என்றால் சட்டப்படி தவறு, அவருக்கு அது தெரிந்திருந்தது என்று 1952இல் இங்கிலாந்து முடிவுகட்டியது. அதே ஆண்டு ஆஸ்திரேலியா ஸ்டேப்பில்டன் வழக்கில் ஒழுக்கப்படி தவறு என்று படித்தது. கனடா 1990இல் அதே பக்கம் வந்தது. அந்த நாடுகளில் உங்கள் தாய்க்கு வழியுண்டு. இங்கே அது எந்த நீதிபதி முன் போய் நிற்கிறார் என்பதைப் பொறுத்தது. எனக்கு அதில் பெருமை இல்லை.

செவிலியர்: 84இல் விடுதலையானவர்களை எங்கள் வார்டுக்கே அனுப்புகிறார்கள். எவ்வளவு காலம்?

பழைய நடைமுறைச் சட்டத்தின் 335ஆம் பிரிவு: பாதுகாப்பான காவலில் வைக்கலாம், அல்லது பொறுப்பேற்கும் உறவினர் பிணை கொடுத்தால் ஒப்படைக்கலாம். இத்தனை ஆண்டு என்று கெடு இல்லை. உறவினர் வராதவர்களை நீங்கள்தான் பார்த்திருப்பீர்கள்.

இன்னொருவர்: குடிபோதை?

தானாகக் குடித்தால் 84 இல்லை. பழைய சட்டத்தின் 85, 86ஐ (இப்போது 23, 24) படியுங்கள்.

பெயர் வேண்டாம் என்றவர்: என் தம்பியின் வழக்கு விசாரணையில் இருக்கிறது. அவருக்குப் பொருந்துமா?

இங்கே எழுதாதீர்கள், எழுதியதையும் நான் நீக்கிவிட்டேன். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். சம்பவத்துக்கு முந்தைய மாதங்களின் மருத்துவப் பதிவுகளைத் திரட்டி அவரிடம் கொடுங்கள். அவருக்கு இப்போது விசாரணையைப் புரிந்துகொள்ள முடியவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். அது தனி மனு, 84 இல்லை.

மற்றொருவர்: சம்பவத்துக்குப் பிறகு எடுத்த மருத்துவச் சான்றிதழ்...

சம்பவ நேரம், ஐயா. சம்பவ நேரம்.