பிட்யூட்டரி அறுவை: தலையை ஏன் உயர்த்துகிறார்கள்?

கேள்வி: என் அண்ணனுக்கு, மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி. மூக்கு வழியாக எண்டோஸ்கோப் (லென்ஸ் உள்ள மெல்லிய குழாய்) செலுத்தி எடுக்கப்போகிறார்கள். தலையை உயர்த்தி, திருப்பி, இரும்புக் கவ்வியில் பூட்டுவார்களாமே, எதற்கு? பிறகு கழுத்து, கை வலி வருமா?

பதில்: தலையை உயர்த்துவது ரத்தக் கசிவைக் குறைக்கத்தான். பிட்யூட்டரியின் இரு பக்கமும் கேவர்னஸ் சைனஸ் என்ற சிரை அறைகள் இருக்கின்றன. நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்துத் தலைப்பக்கத்தை 15 முதல் 30 டிகிரி வரை உயர்த்தினால் சிரை ரத்தம் இதயத்தை நோக்கி எளிதில் வடியும். மூக்குச் சவ்வின் கசிவும் குறையும். சில துளி ரத்தமே லென்ஸை மறைத்துவிடும் என்பதால் இது முக்கியம்.

அதற்காக இன்னும் உயர்த்தவும் கூடாது. திறந்த சிரைக்குள் காற்று புகலாம். மூளைக்குப் போகும் ரத்தத்தின் அழுத்தமும் குறையும். தலை இதயத்தைவிட 20 செ.மீ. மேலே இருந்தால், அங்கே அழுத்தம் சுமார் 15 மி.மீ. பாதரச அளவு குறைவு. எனவே தமனி அழுத்தம் அளக்கும் டிரான்ஸ்டியூசரைக் காது மட்டத்தில் வைப்பதே சரி.

முகத்தை அறுவை மருத்துவர் நிற்கும் பக்கம் சிறிது திருப்புவார்கள். கட்டி முன்பக்கம் மேலேறியிருந்தால் கழுத்தைச் சற்று நிமிர்த்துவார்கள். பிட்யூட்டரிக்குப் பின்னே கீழாக, மண்டையோட்டின் அடியில் உள்ள கிளைவஸ் எலும்புப் பக்கம் இறங்கியிருந்தால் சற்றுக் குனியவைப்பார்கள். எதுவும் அளவு மீறக் கூடாது. கழுத்துச் சிரை நசுங்கினால், தலையை உயர்த்தியும் கசிவு கூடும். தாடைக்கும் மார்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். மூச்சுக்காக வாய்வழி செலுத்திய குழாயைக் கட்டும் நாடாவும் கழுத்தை இறுக்கக் கூடாது.

மூன்று முனைக் கவ்வி தலையை அசையாமல் பிடிக்கும். முனை பதிந்த இடத்தில் சிறு புண் இருக்கும், ஆறிவிடும். சில இடங்களில் குதிரைலாட வடிவத் தலைத்தாங்கி போதும் என்பார்கள். அதில் நீண்ட நேரம் அழுத்தம் படாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

கை வலிக்கு முக்கியக் காரணம், முழங்கையில் நரம்பு அழுந்துவதுதான். ஜெல் பஞ்சணை வைத்தால் பெரும்பாலும் தவிர்க்கலாம். அக்ரோமெகலி (வளர்ச்சி ஹார்மோன் மிகுந்து கை, கால் பெருக்கும் நோய்) உள்ளவர்களுக்கு மணிக்கட்டு நரம்பு ஏற்கெனவே நெருக்கப்பட்டிருக்கலாம். குஷிங் நோயில் (கார்டிசால் ஹார்மோன் மிகும் நோய்) தோல் மெலிந்து, பிளாஸ்திரியோடு உரிந்து வரும். அண்ணனுக்குக் கழுத்து வலியோ விரல் மரத்தலோ இருந்தால் மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். இதை யாரும் சொல்லாமல் விடுவது எங்களுக்கு வருத்தம்.

தொடையையோ வயிற்றையோ சுத்தம் செய்தால் பயப்பட வேண்டாம். மூளைத் தண்டுவடத் திரவம் கசிந்தால் அடைக்க, அங்கிருந்து கொழுப்பு எடுப்பார்கள்.

அறுவைக்குப் பிறகும் தலை 30 டிகிரி உயர்ந்தே இருக்கட்டும். மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மட்டும். குனியும்போது மூக்கிலிருந்து தெளிந்த நீர் சொட்டினால் உடனே மருத்துவரிடம் தெரிவியுங்கள்.