பாட்டி வைத்துப்போன வெள்ளி ரூபாய்க்கு 'கிரேடிங்': நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் எங்கள் கிராமம். மாமியாரின் டிரங்குப் பெட்டியில் 38 வெள்ளி ரூபாய்கள் இருந்தன. ராணி தலை, ராஜா தலை போட்டவை. 1862 முதல் 1919 வரை ஆண்டு இருக்கிறது. காசு ஒன்றுக்கு 3,000 ரூபாய் கொடுத்தால் அமெரிக்காவுக்கு அனுப்பி, தரம் போட்டு, பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்து வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். பிறகு பல மடங்கு விலை போகுமாம். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு ஆகும் என்று பார்க்கிறேன். நகையை அடகு வைத்து இதைச் செய்யலாமா?

பதில்: வேண்டாம். நகை பீரோவிலேயே இருக்கட்டும். 38 காசுக்கு 1,14,000 ரூபாய் ஆகிறது. அதற்கு வட்டி வேறு. திரும்பி வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாத இடத்தில் அவ்வளவு பணத்தைப் போடும் நிலையில் நீங்கள் இல்லை.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. 1972-ம் ஆண்டின் தொல்பொருள், கலைச் செல்வங்கள் சட்டப்படி, 100 ஆண்டுக்கு மேற்பட்ட நாணயம் தொல்பொருள். அதைத் தனியார் யாரும் நாட்டுக்கு வெளியே அனுப்பக்கூடாது. நீங்கள் சொல்லும் ஆண்டுகளைப் பார்த்தால் 38 காசுமே அந்தக் கணக்கில் வருகின்றன. இதைச் சொல்லாமல் பணம் கேட்கிறவரிடம் காசைக் கையில் கொடுத்து அனுப்பாதீர்கள்.

கிரேடிங் என்பதே ஏமாற்று வேலை என்று நான் சொல்லவில்லை. பிசிஜிஎஸ் 1986-லும், என்ஜிசி 1987-லும் அமெரிக்காவில் தொடங்கிய பெயர் பெற்ற நிறுவனங்கள். காசு அசலா, எவ்வளவு தேய்ந்திருக்கிறது, பளபளப்பு மிச்சம் இருக்கிறதா, கீறல் உண்டா என்று பார்த்து 1 முதல் 70 வரை ஒரு எண் போடுவார்கள். 60 அல்லது அதற்கு மேல் என்றால் புழக்கத்தில் தேயாத காசு. பிறகு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து மூடி, தனி எண் கொடுப்பார்கள். அந்த எண்ணை அவர்கள் இணையதளத்தில் போட்டுச் சரிபார்க்கலாம். காசை நேரில் பார்க்காத ஒருவர் நம்பி வாங்க இது உதவுகிறது. ஆனால் காசு உள்ளே எப்படிப் போகிறதோ அப்படியேதான் இருக்கும். தேய்ந்த காசு பெட்டிக்குள்ளும் தேய்ந்த காசுதான்.

அரிய காசு, அல்லது அச்சடித்த மெருகு போகாத காசு என்றால் மட்டுமே இந்தச் செலவில் அர்த்தம் இருக்கிறது. '1862' என்று பார்த்ததும் மனசு துள்ளும். அந்த ஆண்டைப் போட்டே 1874 வரை அடித்தார்கள் என்பதால், அந்த ரூபாய் நிறையக் கிடைக்கிறது. உங்கள் பெட்டியில் 1911 இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஐந்தாம் ஜார்ஜ் அங்கியில் இருந்த யானை பன்றி மாதிரித் தெரிகிறது என்று எதிர்ப்பு கிளம்பி, அரசு அந்தக் காசைத் திரும்பப் பெற்றது. அதற்குச் சேகரிப்பாளர்களிடம் தனி மதிப்பு உண்டு. அப்படி ஒன்றிரண்டு தேறினால் அவற்றுக்கு மட்டும் கிரேடிங் யோசிக்கலாம், அதுவும் காசு நாட்டை விட்டுப் போகாது என்று எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு.

மற்றவற்றுக்கு வெள்ளிக் கணக்கு போடுங்கள். அந்தக் கால ஒரு ரூபாய் ஒரு தோலா எடை, 11.66 கிராம். அதில் 91.7 சதவீதம் வெள்ளி, அதாவது சுமார் 10.7 கிராம். தேய்மானம் பார்க்காமல் 38 காசுக்கு ஏறக்குறைய 406 கிராம் சுத்த வெள்ளி. விற்கும் நாளின் வெள்ளி விலையால் பெருக்கினால் வருவது உங்கள் அடிமட்டக் கணக்கு. எடை போடும்போது ஒரு காசு மட்டும் தனியாகக் குறைந்தோ கூடியோ நின்றால் போலியோ என்று சந்தேகப்படுங்கள்.

தயவுசெய்து புளி, விபூதி போட்டுத் தேய்க்காதீர்கள். குத்துவிளக்குக்குச் செய்வதைக் காசுக்குச் செய்தால் மேற்பரப்பு போய்விடும். கழுவித் தேய்த்ததைக் கிரேடிங்காரர்கள் கண்டுபிடித்து, எண் போடாமல் குறையை எழுதித் தருவார்கள். காசுமாலைக்காக வளையம் பற்றவைத்த காசுக்கும் அதே கதிதான். மெத்தென்ற பிவிசி உறைகளும் வேண்டாம், நாளடைவில் பச்சையாகப் பிசுபிசுக்கும்.

இருக்கிறபடியே இருபுறமும் படம் எடுத்து, பெங்களூரு, மும்பையில் உள்ள நாணய ஏல நிறுவனங்கள் இரண்டு மூன்றுக்கு அனுப்புங்கள். கமிஷன் எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள். முன்பணம் கேட்டால் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். பழைய காசு, நோட்டு வாங்கித் தருவதாக ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிக் கட்டணம் பறிக்கிறார்கள் என்று அந்த வங்கியே 2021-ல் எச்சரித்திருக்கிறது.

கட்டணத்துக்கு வித்யாலக்ஷ்மி தளத்தில் கல்விக் கடனுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். காசு விற்று வரும் பணத்தைப் பிறகு அந்தக் கடனில் கட்டிக்கொள்ளலாம். அப்புறம், காசு சுற்றியிருந்த துணியிலோ பெட்டியின் அடியிலோ பழைய சீட்டு ஏதாவது கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள். யாரிடமிருந்து, எந்தக் காலத்தில் வந்த காசு என்ற விவரத்தை வாங்குகிறவர் கட்டாயம் கேட்பார்.