ஓட்ட நேரம் பாதியாகிவிட்டது: குறை பேட்டரியிலா, பிரஷ் மோட்டாரிலா?

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொண்டேன். டாமியா டிடி-02 அடிச்சட்டத்தில் கட்டிய 1/10 அளவு ரேடியோ கார் ஒன்று உங்களிடம் இருக்கிறது. கிட்டுடன் வந்த வெள்ளி உறை 540 மோட்டாரும், 7.2 வோல்ட், 3000 மில்லி ஆம்பியர்-மணி நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரியும் அதில் உள்ளன. தொடக்கத்தில் ஒரு சார்ஜுக்கு 15 நிமிடம் ஓடியது, இப்போது 7 நிமிடத்தில் சோர்ந்துவிடுகிறது, மோட்டாரைக் கையால் தொட முடியவில்லை. இடையில் வேகத்துக்காக 22 பல் பினியனை (மோட்டார் தண்டில் மாட்டும் சிறிய பல்சக்கரம்) கழற்றி 25 பல் பினியன் மாட்டியிருக்கிறீர்கள். பேட்டரி போய்விட்டது, லிப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி) வாங்குங்கள் என்று கடைக்காரர் சொல்கிறார். வாங்கலாமா என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு வாங்க வேண்டாம். பன்னிரண்டு ஆண்டுகளாக இந்தக் கார்களை ஓட்டிப் பழுதுபார்த்து வருகிறேன். பேட்டரி போய்விட்டது என்று என்னிடம் வந்த கார்களில் பெரும்பாலானவற்றில் பேட்டரி தன் வேலையைச் சரியாகவே செய்துகொண்டிருந்தது, அதை மோட்டார் இருமடங்கு வேகத்தில் காலி செய்துகொண்டிருந்தது. இவ்விரண்டில் எது உங்கள் நிலை என்பதை ஊகிக்கத் தேவையில்லை, கணக்குப் போட்டே அறியலாம். 3 ஆம்பியர்-மணி பேட்டரி 15 நிமிடத்தில் தீர்ந்தால் மோட்டார் சராசரியாக 12 ஆம்பியர் எடுத்திருக்கிறது. அதே பேட்டரி 7 நிமிடத்தில் தீர்ந்தால் ஏறத்தாழ 26 ஆம்பியர் எடுத்திருக்கிறது, அல்லது பேட்டரிக்குள் இருப்பதே இப்போது பாதிதான். எத்தனை மில்லி ஆம்பியர்-மணி ஏறியது என்று காட்டும் திரையுள்ள சார்ஜர் உங்களிடம் இருந்தால், ஓடி முடித்து நன்றாக ஆறிய பேட்டரியை அதில் மாட்டி, நிறைந்தவுடன் திரையைப் பாருங்கள். 3000 அல்லது அதற்குச் சற்று மேல் காட்டினால் பேட்டரி முழுவதையும் கொடுத்திருக்கிறது, குறை மோட்டார் பக்கம். ஏற்றும் மின்சாரத்தில் ஒரு பகுதி வெப்பமாகப் போய்விடுவதால், ஏறும் அளவு எப்போதும் இறங்கிய அளவைவிடச் சற்று கூடுதலாகவே இருக்கும். 1500 அளவில் நின்றுவிட்டால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். ஆனால் அங்கும் ஒரு நுணுக்கம் உண்டு: மோட்டார் மிகையாக இழுக்கும்போது பேட்டரியின் மின்னழுத்தம் சரிந்து, உள்ளே மின்சாரம் மிச்சமிருக்கும்போதே கார் சோர்ந்துவிடக்கூடும். ஆகவே குறைந்த எண் வந்தால், சார்ஜரின் டிஸ்சார்ஜ் வசதியைக்கொண்டு, நிறைந்த பேட்டரியை 2 ஆம்பியரில் 5.4 வோல்ட் வரை இறக்கி, எவ்வளவு வந்தது என்று ஒருமுறை அளந்த பிறகே முடிவுக்கு வாருங்கள்.

நீங்கள் சொன்ன அடையாளங்களை வைத்துப் பார்த்தால் எனக்கு மோட்டார் மீதுதான் ஐயம். முதல் காரணம் அந்தப் பினியன். டிடி-02-இல் 70 பல் ஸ்பர் கியருடன் (பினியன் சுழற்றும் பெரிய பல்சக்கரம்) 22 பல் பினியன் இருந்தால், உள்ளே உள்ள மற்ற கியர்களையும் சேர்த்து, மோட்டார் 8.27 முறை சுற்றும்போது சக்கரம் ஒருமுறை சுற்றும். 25 பல் போட்டால் அது 7.28 ஆகக் குறைகிறது. சக்கரத்தில் அதே இழுவை வேண்டுமென்றால் மோட்டார் ஏறத்தாழ 14 விழுக்காடு கூடுதல் மின்னோட்டம் எடுக்க வேண்டும். கம்பிச்சுருளில் எழும் வெப்பமோ மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வதால், அது 29 விழுக்காடு கூடுகிறது. நீண்ட நேர்வழியில் இந்தப் பினியன் வேகம் தரும். வளைவுக்கு வளைவு நிறுத்திக் கிளப்பும் சிறிய தளத்தில் மோட்டார் தன் உச்ச வேகத்தை எட்டுவதே இல்லை, சுமையை மட்டும் சுமக்கிறது.

பிரஷ் மோட்டாரில் சூடு தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். செப்புக் கம்பியின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.4 விழுக்காடு கூடுகிறது. உறைக்குள் ஒட்டியிருக்கும் ஃபெரைட் காந்தத்தின் வலுவோ ஒவ்வொரு டிகிரிக்கும் 0.2 விழுக்காடு குறைகிறது. மோட்டார் 50 டிகிரி சூடேறினால் கம்பியின் தடை ஐந்தில் ஒரு பங்கு ஏறி, காந்தம் பத்தில் ஒரு பங்கு இறங்கிவிடும். காந்தம் தளர்ந்தால் அதே திருப்புவிசைக்கு இன்னும் கூடுதல் மின்னோட்டம் தேவை, அந்த மின்னோட்டம் இன்னும் சூடேற்றுகிறது. ஆறினால் இந்த இழப்பு மீண்டுவிடும். ஆனால் சக்கரம் சிக்கி மோட்டார் சுற்ற முடியாமல் நிற்கும்போது பாயும் பல பத்து ஆம்பியர் மின்னோட்டம், ஆர்மேச்சரிலிருந்து (மோட்டாருக்குள் சுழலும் கம்பிச்சுருள் பகுதி) எதிர்க் காந்தப்புலத்தை எழுப்பி உறைக் காந்தத்தை நிலையாகவே வலுவிழக்கச் செய்யக்கூடும். அப்படிக் கெட்ட மோட்டாரைக் கண்டுபிடிப்பது முதலில் எனக்குக் கடினமாக இருந்தது. ஏனெனில் காந்தம் தளர்ந்த மோட்டார் சுமையின்றிச் சுற்றும்போது முன்பைவிட வேகமாகச் சுற்றும். நான் கெடுத்த முதல் மோட்டார் மேசையில் அவ்வளவு உற்சாகமாகக் கத்தியதால், அது நலமாக இருப்பதாக நம்பி, ஒரு மாதம் பேட்டரிகளை மாற்றி மாற்றிப் பார்த்தேன். பிறகு ஒரு மீட்டரைத் தொடரில் இணைத்துப் பார்த்தபோதுதான், சுமையே இல்லாத நிலையில் புதிய மோட்டாரைவிட இருமடங்குக்கு மேல் எடுக்கிறது என்று தெரிந்தது. அன்றுமுதல் மோட்டார் வாங்கியவுடன் சுமையற்ற மின்னோட்டத்தை அளந்து உறையின்மீதே எழுதிவைக்கிறேன்.

அடுத்தது கம்யூட்டேட்டர். மிக்சி பழுதுபார்ப்பவர் 'கார்பன் தேய்ந்துவிட்டது' என்பாரே, அதே கார்பன்தான் இங்கும் பிரஷ். ஆர்மேச்சரின் முனையில் உள்ள மூன்று செப்புத் துண்டுகள்தாம் கம்யூட்டேட்டர்; அவற்றின்மீது இரண்டு கார்பன் பிரஷ்கள் ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் உரசி, ஒவ்வொரு சுற்றிலும் மின்னோட்டத்தின் திசையை மாற்றிக்கொடுக்கின்றன. நலமாக ஓடிய கம்யூட்டேட்டரின் மேற்பரப்பில் மெல்லிய, சீரான பழுப்புப் படலம் இருக்கும். அதைச் சுரண்டி எடுக்கக் கூடாது, பிரஷ் வழுக்கிச் செல்ல உதவுவது அதுதான். கருப்பாகத் திட்டுத் திட்டாக இருந்தாலோ, விரல் நகத்தில் இடறும்படி கோடுகள் விழுந்திருந்தாலோ, துண்டுகளின் இடையிலுள்ள பிளவுகளில் கார்பன் தூளும் செப்புத் தூளும் அடைத்திருந்தாலோ, மோட்டாருக்குள் போகும் மின்சாரத்தில் ஒரு பங்கு தீப்பொறியாகவும் கசிவாகவும் வீணாகிறது. பிரஷ் தன் நீளத்தில் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் ஸ்பிரிங்கின் அழுத்தம் தளர்ந்து, ஒவ்வொரு பிளவிலும் அது துள்ளும். துள்ளும் இடமெல்லாம் பொறி விழும். ஸ்பிரிங் நீலம் பாரித்திருந்தால் அது சூட்டில் தன் முறுக்கை இழந்துவிட்டது என்று பொருள்.

உங்களிடம் இருப்பது உறை மடித்து மூடிய மோட்டார் என்பதால் பிரஷை மாற்ற முடியாது, உள்ளே பார்ப்பதற்குக் காற்றுத் துளைகள் மட்டுமே வழி. செய்யக்கூடியதைச் சொல்கிறேன். மோட்டாரைக் காரிலிருந்து கழற்றி, முழுவதும் ஆறிய பிறகு, மின் இணைப்பு எதுவும் இல்லாத நிலையில், மோட்டார் கிளீனர் ஸ்பிரேயைத் துளை வழியாகக் கம்யூட்டேட்டர் பக்கம் அடித்து, தண்டைக் கையால் சுற்றுங்கள். வழியும் திரவம் முதலில் கருப்பாக வரும், அது தெளியும்வரை தொடருங்கள். இந்த ஸ்பிரேக்கள் எளிதில் தீப்பற்றும், பிரஷோ பொறி விடும் பொருள். ஆகவே ஓடும் மோட்டாரில் அடிப்பதை நான் எவருக்கும் பரிந்துரைப்பதில்லை, நன்றாகக் காய்ந்த பின்னரே இணைப்புக் கொடுக்க வேண்டும். கழுவியபின் ஒரு வேலையைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: தண்டைத் தாங்கும் வெண்கலப் புஷ்கள் தம் நுண்துளைகளில் எண்ணெயைத் தேக்கிவைத்திருப்பவை, ஸ்பிரே அந்த எண்ணெயையும் கழுவிவிடும். இரு முனையிலும் ஊசி முனையால் ஒரு துளி மெல்லிய எண்ணெய் இடுங்கள். ஒரு துளிக்கு மேல் வேண்டாம்; மிஞ்சும் எண்ணெய் கம்யூட்டேட்டரை அடைந்தால் கார்பன் தூளோடு சேர்ந்து பசையாகி, கழுவிய வேலையே வீணாகும்.

பின்னாளில் திறந்து பழுதுபார்க்கும் வகை மோட்டாருக்கு மாறினால், பிரஷ்களும் ஸ்பிரிங்களும் தனியே கிடைக்கும். கம்யூட்டேட்டரைச் சிறிய லேத்தில் வைத்து மிக மெல்லிய அளவு கடைந்து மீண்டும் வட்டமாக்கலாம். கடைந்தபின் பிளவுகளில் தங்கும் செப்புச் சீவல்களைக் கூர்முனையால் எடுத்துவிட்டுப் புதிய பிரஷ் போட வேண்டும். தேய்ந்த பழைய பிரஷ் புதிய வட்டத்தில் முழுதாகப் படியாது.

புதிய மோட்டார் எதுவானாலும் முதல் நாளிலேயே 7.2 வோல்ட்டில் பந்தயத்துக்கு எடுத்துச் செல்லாதீர்கள். பிரஷின் முகம் கம்யூட்டேட்டரின் வளைவுக்கு ஏற்பத் தேய்ந்து படிய வேண்டும். அதுவரை சிறிய தொடுபரப்பு வழியாகவே முழு மின்னோட்டமும் பாயும், பொறி கடுமையாக இருக்கும். 1.5 வோல்ட் செல்கள் இரண்டைத் தொடரில் இணைத்து, சுமையின்றி அரை மணி நேரம், இடையிடையே ஆறவிட்டு ஓட்டினால் போதும். மோட்டாரைத் தண்ணீருக்குள் மூழ்கவைத்துச் சில நிமிடங்களில் இதை முடிக்கும் வழக்கமும் உண்டு. அது பிரஷை விரைவில் படியவைப்பது உண்மைதான்; ஆனாலும் மூடிய மோட்டாரில் புஷ்ஷின் எண்ணெய் போவதையும் உள்ளே துரு பிடிப்பதையும் நினைத்து நான் அதைத் தவிர்க்கிறேன்.

மோட்டார் கழன்றிருக்கும்போதே காரைத் தரையில் வைத்துத் தள்ளிப் பாருங்கள். பல கிட்களில் சக்கரத் தண்டுகளுக்குப் பிளாஸ்டிக் புஷ்களே வருகின்றன. மணல் புகுந்த பிளாஸ்டிக் புஷ், தண்டில் சுற்றிக்கொண்ட தலைமுடி, தரைவிரிப்பின் நூல் ஆகியவை மோட்டார் மீது ஓயாத பிரேக்காக இருக்கும். புஷ்களுக்குப் பதிலாகப் பால் பேரிங் போடுவது, புதிய பேட்டரியைவிட இந்தக் காருக்கு அதிகப் பயன் தரும் செலவு என்பது என் கருத்து.

இனி இணைப்புகள். பழைய வெள்ளை நிற டாமியா கனெக்டர் பழுப்பேறியோ இளகியோ இருக்கிறதா என்று பாருங்கள். அதில் 0.02 ஓம் தடை இருந்தாலே 25 ஆம்பியரில் அரை வோல்ட் இழப்பும், 12 வாட்டுக்கு மேல் வெப்பமும் அங்கேயே உண்டாகும். அப்படியிருந்தால் டீன்ஸ் வகை கனெக்டரைச் சால்டர் செய்து மாற்றிவிடுங்கள். மோட்டார் உறையில் பற்றவைத்த சிறிய பீங்கான் கெபாசிட்டர்களின் கால் ஒடிந்திருந்தால் அதையும் சரிசெய்யுங்கள். பிரஷின் பொறி ரேடியோவைக் குழப்பாமல் காப்பவை அவைதாம்.

பேட்டரியைப் பொறுத்தவரை, உங்கள் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேக்கில் 1.2 வோல்ட் செல்கள் ஆறு தொடரில் இருக்கின்றன. அவற்றில் ஒன்று தளர்ந்தாலும் அது முதலில் காலியாகிவிடும், மற்ற ஐந்தும் அதன் வழியே எதிர்த்திசையில் மின்சாரத்தைத் தள்ளி அதைக் கொன்றுவிடும். கார் சட்டென்று வேகம் குறைந்தவுடன் நிறுத்திவிட வேண்டும் என்பது இதனால்தான். இன்னும் ஒரு சுற்று என்று இழுத்து ஓட்டுவதே பேக்குகளின் ஆயுளைக் குறைக்கும் முதல் பழக்கம். ஓடிய பேக் சூடாக இருக்கையில் சார்ஜ் ஏற்றக் கூடாது. உங்கள் பேக்குக்கு 3 ஆம்பியர் பொருத்தமான அளவு. செல் நிறையும்போது மின்னழுத்தம் இலேசாக இறங்குவதைக் கண்டுதான் சார்ஜர் நிற்கிறது. பழைய நிக்கல் காட்மியம் செல்களில் அந்த இறக்கம் தெளிவாக இருக்கும், இந்த வகையில் மிகச் சிறியது. ஆகவே சார்ஜரை நிக்கல் காட்மியம் முறையில் விட்டுவிட்டால் அது நிறைந்ததை உணராமல் ஏற்றிக்கொண்டே போகக்கூடும். காட்மியம் காலத்தில் பேக்கை முழுக்கக் காலி செய்து வைப்பது நல்ல பழக்கமாக இருந்தது. அதைக் கேள்விப்பட்டு இந்தப் பேக்கையும் காலியாக வைத்துவிடாதீர்கள், ஓரளவு சார்ஜுடன் வைத்து மாதம் ஒருமுறை ஏற்றி இறக்குங்கள்.

லிப்போவுக்கு மாறுவது தவறில்லை, வரிசை மாறக் கூடாது என்பதே நான் சொல்வது. இரண்டு செல் லிப்போ, சுமையில் மின்னழுத்தம் சரியாமல் தாங்கி நிற்கும். அதாவது இப்போதே சூடாகும் உங்கள் மோட்டாருக்கு அது இன்னும் கூடுதல் மின்னோட்டத்தைத் தடையின்றிக் கொடுக்கும். மேலும் உங்கள் வேகக் கட்டுப்படுத்தியில் லிப்போவுக்கான குறை மின்னழுத்தத் துண்டிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். சிலவற்றில் ஒரு சிறிய ஜம்பரை மாற்றிப் பொருத்தினால்தான் அது செயல்படும். இல்லாவிட்டால் செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கி உப்பிவிடும். சேமிக்கும்போது செல்லுக்கு 3.8 வோல்ட், நிறைவில் 4.2 வோல்ட், எப்போதும் பேலன்ஸ் இணைப்புடன் (செல்களைச் சமமாக ஏற்ற உதவும் சிறு கம்பி இணைப்பு), தீத்தாங்கும் பைக்குள், நீங்கள் அருகில் இருக்கும்போது மட்டும் சார்ஜ் ஏற்றுங்கள். உப்பிய பேக்கை மீண்டும் பயன்படுத்த வேண்டாம், குத்திப் பார்க்கவும் வேண்டாம்.

முதலில் 22 பல் பினியனைத் திரும்ப மாட்டி, மோட்டாரைக் கழுவி எண்ணெயிட்டு, ஐந்து நிமிடம் ஓட்டி, அகச்சிவப்பு வெப்பமானியால் உறையை அளந்து பாருங்கள். நான் 70 டிகிரி செல்சியசைத் தாண்ட விடுவதில்லை. அதற்குக் கீழே நின்று, ஓட்ட நேரமும் 12 நிமிடத்துக்கு மேல் திரும்பினால் செலவே இல்லை. சூடு தணியாமல், சுமையின்றியே 3 ஆம்பியருக்கு மேல் எடுத்தால் புதிய வெள்ளி உறை மோட்டார் ஒன்று வாங்குங்கள். அது லிப்போவும் அதற்கான சார்ஜரும் சேர்ந்த விலையில் ஒரு சிறு பகுதிதான்.