யுகேஜி பையன் இன்னும் எழுத்துக் கூட்டவில்லையே, டாக்டர்?

கேள்வி: என் மகனுக்கு 5 வயது முடிந்து 2 மாதம் ஆகிறது. யுகேஜி படிக்கிறான். ‘அம்மா’, ‘ஆடு’ எல்லாம் தெரிகிறது. புதுச் சொல்லைக் காட்டினால் எழுத்துக் கூட்டத் தெரியவில்லை. 3-ஐத் திருப்பிப் போடுகிறான். பக்கத்து வீட்டுப் பெண் அதே வகுப்பு, புத்தகத்தைக் கடகடவென்று வாசிக்கிறாள். “டிஸ்லெக்சியாவா, அதாவது வாசிக்கக் கற்பதில் வரும் குறைபாடா என்று பார்த்துவிடுங்கள்” என்கிறார் மிஸ். பயமாக இருக்கிறது.
- வாசகி, கரூர்

பதில்: பயப்பட இதில் ஒன்றும் இல்லை அம்மா. எழுத்துக் கூட்டுவது பெரும்பாலான குழந்தைகளுக்கு 5 வயதிலிருந்து 7 வயதுக்குள் கைவருகிறது. பின்லாந்தில் முதல் வகுப்பே 7 வயதில்தான். நியூசிலாந்தில் 5 வயதில் படிக்கத் தொடங்கியவர்களையும் 7 வயதில் தொடங்கியவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 11 வயதில் வாசிப்பில் வித்தியாசம் தெரியவில்லை. 3-ஐத் திருப்பி எழுதுவதும் இந்த வயதில் சகஜம்.

பக்கத்து வீட்டுப் பெண் விஷயம்: என்னிடம் ஒரு சிறுமியை அழைத்து வந்து பெருமையாக வாசிக்கச் சொன்னார்கள். நடுவில் நான் பக்கத்தைத் திருப்பிவிட்டேன். அவள் பாட்டுக்குப் பழைய பக்கத்தையே சொல்லிக்கொண்டிருந்தாள்! நல்ல ஞாபகசக்தி, அவ்வளவுதான்.

‘கொக்கு’ என்ற சொல்லை உங்கள் மகனின் கண்ணால் பாருங்கள். முதலில் நிற்பது கொம்பு. அதற்கென்று தனிச் சத்தம் கிடையாது. அப்புறம் க, அதன் பின்னால் கால். மூன்றையும் பார்த்து முடித்த பிறகுதான் ‘கொ’ என்று வாயைத் திறக்க முடியும். அடுத்தது புள்ளி வைத்த க். கடைசியில் கு, அதில் க-வின் உருவமே மாறிவிடுகிறது. இப்படி 247 எழுத்து. போதாததற்கு வீட்டில் ‘வந்துச்சு’ என்று கேட்டது புத்தகத்தில் ‘வந்தது’ என்று நிற்கிறது. 2022-இல் தமிழக அரசு கொண்டுவந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமே 1 முதல் 3-ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குத்தான் தொடங்கியது. 8 வயதுக்குள் பிழையில்லாமல் வாசிக்க வைப்பதுதான் அதன் இலக்கு. யுகேஜியில் என்ன அவசரம்?

வாசிப்பு முதலில் காதில்தான் தொடங்குகிறது. சாப்பாடு ஊட்டும்போது கேளுங்கள்: “பல், இதில் ‘ப’வை எடுத்துவிட்டுக் ‘க’ போட்டால்?” ‘கல்’ என்று சொன்னால் பாதி வேலை முடிந்தது. ‘தக்காளி’யைத் ‘தக்-கா-ளி’ என்று கைதட்டிப் பிரிக்கச் சொல்லுங்கள். ராத்திரி ஒரு கதையை விரல் வைத்து நீங்கள் வாசியுங்கள், அவன் பார்க்கட்டும். நான்கு வரி நோட்டில் பக்கம் பக்கமாக எழுத வைப்பதை மட்டும் நிறுத்திவிடுங்கள். அதனால் வாசிப்பு வராது, வெறுப்புதான் வரும்.

நான் கவலைப்படுவது வேறு அறிகுறிகளுக்கு. வெளியாட்களுக்கு அவன் பேச்சு புரியவில்லையா? பேசத் தொடங்கியதே தாமதமா? அடிக்கடி சளி பிடித்துக் காது அடைக்கிறதா, டிவியைச் சத்தமாக வைக்கச் சொல்கிறானா? புத்தகத்தை மூக்கருகே கொண்டுபோகிறானா? முன்பு தெரிந்த எழுத்தை இப்போது மறக்கிறானா? அப்பா, சித்தப்பா யாருக்காவது வாசிப்பில் சிரமம் இருந்ததா? இவற்றில் ஒன்று இருந்தாலும் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

டிஸ்லெக்சியாவை இந்த வயதில் உறுதி செய்ய முடியாது. அரசு சான்றிதழுக்கான பரிசோதனையே 3-ஆம் வகுப்பு அல்லது 8 வயதில்தான். ஆனால் ஒன்றாம் வகுப்பு முடிந்தும் சின்னச் சொற்களைக் கூட்டத் திணறினால் அதுவரை காத்திருக்க வேண்டாம், உதவியைத் தொடங்கிவிடலாம்.

சந்தேகம் இருக்கிறதோ இல்லையோ, கண்ணையும் காதையும் ஒரு முறை சோதித்துவிடுங்கள். ஒரு கண்ணில் மட்டும் பார்வை குறைவாக இருந்தால் குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. 7 வயதுக்குள் கண்டுபிடித்தால் சரிசெய்வது சுலபம். சொட்டு மருந்து விட்டுத்தான் பார்ப்பார்கள். அதன் பிறகு கொஞ்ச நேரத்துக்குக் கிட்டத்தில் இருப்பது மங்கும், வெயில் கூசும். அதனால் சனிக்கிழமை போங்கள், ஒரு தொப்பியும் எடுத்துப் போங்கள்.