ரேஷன் வேண்டும், வழக்கம் மாறக் கூடாது: நான் இடதுசாரியா, வலதுசாரியா?

கேள்வி: ரேஷன் கடையும் அரசுப் பேருந்தும் இருந்தே தீர வேண்டும் என்பவன் நான். ஆனால், வீட்டுத் திருமணங்கள் பெரியவர்கள் சொற்படிதான் நடக்க வேண்டும் என்றும் நினைக்கிறேன். இணையத்தில் ஒரு வினாத்தாளை நிரப்பினேன். அது என்னை ‘இடதுசாரி’ என்றது. கல்லூரியில் படிக்கும் மகனோ, “நீங்க சுத்த வலதுசாரிப்பா” என்கிறான். எது சரி?

பதில்: இரண்டும் சரிதான் ஐயா, வினாத்தாள் பார்த்த கோடு வேறு, மகன் பார்த்த கோடு வேறு. விலை, வரி, தொழில் ஆகியவற்றை அரசு நடத்துவதா, சந்தையிடம் விடுவதா என்பது பொருளாதாரக் கோடு. அதில் நீங்கள் இடப்பக்கம் நிற்கிறீர்கள். திருமணம், வழிபாடு, உடை போன்றவற்றைத் தனிமனிதர் முடிவு செய்வதா, சமூகமும் அரசும் முடிவு செய்வதா என்பது சமூகக் கோடு. அதில் நீங்கள் மரபின் பக்கம், அதாவது வலப்பக்கம். இடது, வலது என்ற பெயர்கள் பிறந்த 1789-இன் பிரெஞ்சு தேசிய மன்றத்தில் யார் எந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள் என்பதோடு பாடத்தை முடித்துவிட்டு, இந்த இரண்டாவது கோட்டைச் சொல்லித்தராமல் மாணவர்களைத் தேர்வுக்கு அனுப்பும் நம் கல்விமுறையை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

1967 தேர்தலில் தி.மு.க., சந்தையை ஆதரித்த சுதந்திராக் கட்சி, அதை எதிர்த்த மார்க்சிஸ்ட் கட்சி மூன்றும் ஓரணியில் நின்றதை ஒற்றைக் கோட்டை வைத்து விளக்கவே முடியாது.

மதுவிலக்கு மட்டும் எந்தக் கோட்டிலும் அடங்காது. தொழில் நடத்த எதற்கெடுத்தாலும் அரசின் உரிமம் கேட்ட லைசென்ஸ்-பெர்மிட் ராஜ்யத்தைப் பின்னாளில் அவ்வளவு கடுமையாக எதிர்த்த ராஜாஜிதான் 1937-இல் சேலம் மாவட்டத்தில் சட்டம் போட்டுக் கள்ளுக்கடைகளை மூடினார். அதனால் குறைந்த வருவாயை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரியையும் கொண்டுவந்தார். வணிகத்தில் அரசு தலையிடக் கூடாது என்றவர், குடிப்பழக்கத்தில் தலையிட்டே ஆக வேண்டும் என்றார். 2003 முதல் அரசே டாஸ்மாக் வழியாகச் சில்லறையில் மது விற்கிறது; அதை இடது என்பதா, வலது என்பதா?

அந்த வினாத்தாளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. உங்கள் கைபேசி எண்ணையோ முகநூல் அனுமதியையோ அது கேட்டிருந்தால், உங்கள் கொள்கையை அறிவது மட்டுமே அதன் நோக்கமாக இல்லாமல் இருக்கலாம். உங்கள் தகவல்களைத் தேர்தல் வேலைக்கு ஒரு சரக்காக விற்பதும் நோக்கமாக இருக்கலாம். முகநூலில் சில லட்சம் பேர் நிரப்பிய ஒரு வினாத்தாள் செயலியின் வழியாக 8.7 கோடிப் பேர் வரையிலானோரின் தகவல்கள் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற தேர்தல் பிரச்சார ஆலோசனை நிறுவனத்தின் கைக்குப் போயிருக்கலாம் என்று 2018-இல் முகநூல் நிறுவனமே ஒப்புக்கொண்டது. கொடுத்த அனுமதியை இன்றே முகநூல் அமைப்புகளுக்குள் சென்று நீக்கிவிடுங்கள். மகனையும் நீக்கச் சொல்லுங்கள்.