வேலூர் வெயிலும் ஏலகிரிக் குளிரும்: கேட்டதும் சொன்னதும்

சார், சென்னையும் வேலூரும் கிட்டத்தட்ட ஒரே நேர்கோட்டில்தானே இருக்கின்றன? மே மாதம் நமக்கு மட்டும் ஏன் இந்த அடி? (காட்பாடி மாணவி)

சென்னைக்கு மதியமே கடல்காற்று வந்துவிடும். நாம் நூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கிறோம்; இங்கே அது வந்தாலும் பொழுது சாய்ந்துதான். அதுவரை வீசுவது மேலைக்காற்று. சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூர் மேட்டுநிலத்திலிருந்து, 200 மீட்டர் சொச்சத்தில் இருக்கும் நமக்கு இறங்கி வருகிறது. வறண்ட காற்று 100 மீட்டர் இறங்கினால் ஏறத்தாழ 1 டிகிரி சூடேறும். கணக்குப் போடுங்கள்: அங்கே 34 என்றால் இங்கே 41. பெங்களூர் சொந்தக்காரர்கள் போனில் பெருமை பேசினால் இதைச் சொல்லிவையுங்கள்.

ராத்திரியும் புழுங்குகிறதே? (சத்துவாச்சாரி)

'மரமில்லா மலை, நீரில்லா ஆறு' என்று ஊரைக் கேலி செய்வார்களே, அந்த மரமில்லா மலைதான். பகலெல்லாம் காய்ந்த பாறையும் கான்கிரீட்டும் இரவில் சூட்டைக் கக்கும். சாயங்காலம் மொட்டை மாடியில் தண்ணீர் தெளிக்கலாம், தண்ணீர் இருந்தால்.

நீரில்லா ஆறு என்கிறீர்கள். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டதே! (ஆம்பூர்)

அது வங்கக்கடல் தாழ்வு மண்டலம் தந்த மழை. ஆந்திர எல்லையில் கொட்டினால் பொன்னையாறு வழியாகவும் பாலாற்றுக்கு வெள்ளம் வரும். ஆனால் வடகிழக்குப் பருவமழையை மட்டும் நம்பி நாம் இல்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காலத்திலும் நமக்கு நல்ல பங்கு உண்டு. பகல் வெயிலில் மலைகளின் மேல் மேகம் குவியும், மேல்காற்று அதைக் கிழக்கே தள்ளும், இருட்டும் நேரத்தில் இடியோடு கொட்டும். ஒரு தெருவில் மழை, அடுத்த தெருவில் தூசி என்பதெல்லாம் இதில் சகஜம். ஆகஸ்டில் காலையில் துணி காயப்போட்டால் நாலு மணிக்குள் எடுத்துவிடுங்கள் அம்மா.

மே லீவுக்கு ஏலகிரி, ஸ்வெட்டர் வேண்டுமா அண்ணா? (ராணிப்பேட்டை)

வேண்டாம் தம்பி. உயரம் 1,000 மீட்டர் சொச்சம்தான். அடிவாரத்தைவிட ஐந்தாறு டிகிரி குறையும், அவ்வளவே. ஊட்டி அதைப்போல இரண்டு மடங்கு உயரம். டிசம்பர், ஜனவரியில் போனால் ராத்திரிக்கு ஸ்வெட்டர் கட்டாயம்.

காவலூர் வானாய்வகத்தில் நட்சத்திரம் பார்க்க எந்த மாதம்? (குடியாத்தம்)

ஜனவரி முதல் ஏப்ரல் வரை. மழைக்காலத்தில் மேகத்தைத்தான் பார்க்கலாம்.