வாசகர் கேள்வி: காதால் இயக்கியவர்

கேள்வி: ‘ஃபிரெண்ட்ஸ்’ தொடரின் சில பாகங்களில் இயக்குநராக ஜேம்ஸ் பரோஸ் என்ற பெயர் வருகிறது. யார் அவர்? தொலைக்காட்சித் தொடர் எழுத்தாளரின் உடைமை என்கிறார்களே, இயக்குநருக்கு அதில் என்ன வேலை?
– வாசகி ஒருவர், திருச்சி

பதில்: அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாகங்களை இயக்கியவர் அவர். 1940இல் லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்தார். தந்தை ஏப் பரோஸ் நியூயார்க்கின் நாடக அரங்குப் பகுதியான பிராட்வேயின் புகழ்பெற்ற நாடகாசிரியர். யேல் நாடகப் பள்ளியில் படித்துவிட்டு மேடை நாடகங்களில் உழைத்துக்கொண்டிருந்தவர், முன்பு ஒரு நாடகத்தில் உடன் பணியாற்றிய நடிகை மேரி டைலர் மூருக்கு வாய்ப்புக் கேட்டுக் கடிதம் எழுத, அவருடைய தொடரிலேயே 1974இல் ஒரு பாகத்தை இயக்கும் வாய்ப்பு அமைந்தது.

மேடையில் கற்றதை அவர் கடைசிவரை விடவில்லை என்பதே என் கணிப்பு. இவ்வகை நகைச்சுவைத் தொடர்கள் சில நாள் ஒத்திகைக்குப் பின், பார்வையாளர்களை உட்கார வைத்து, பல கேமராக்களால் ஒரே நேரத்தில் பதிவு செய்யப்படுகின்றன. ‘டாக்ஸி’ தொடரின் கார் கொட்டகை அரங்கு மிக அகலமாக இருந்ததால், வழக்கமான மூன்று கேமராக்களோடு நான்காவதையும் சேர்த்தவர் பரோஸ். ஆனால் பதிவின்போது மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். கேமராக்களுக்குப் பின்னால் நடந்தபடியே வசனங்களைக் காதால் கேட்டுக்கொண்டிருப்பார். பதில் வசனம் இம்மியளவு தாமதித்தாலும் சிரிப்பு எழாமல் போய்விடும் என்பதால், அந்த இடைவெளியைக் கவனிக்கக் கண்ணைவிடக் காதையே அவர் நம்பினார். எழுத்தாளரால் காகிதத்தில் முடித்துவிட முடியாத வேலை இது.

எழுத்தாளர்களான கிளென், லெஸ் சார்லஸ் சகோதரர்களுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய ‘சியர்ஸ்’ தொடர் 1982இல் தொடங்கியபோது, பார்வையாளர் பட்டியலின் அடிமட்டத்தில் கிடந்தது. ஒளிபரப்பிய நிறுவனம் பொறுமை காத்ததால் 11 ஆண்டுகள் ஓடியது. அதில் 237 பாகங்கள் இவருடையவை. ‘வில் அண்ட் கிரேஸ்’ முழுவதும் இவர் இயக்கியதே.

‘ஃபிரெண்ட்ஸ்’ தொடரில் இவர் இயக்கியவை வெறும் 15 பாகங்கள்தாம். எனினும் 1994இல் முதல் பாகம் இவருடையது. ஒளிபரப்புக்கு முன்பே ஆறு நடிகர்களையும் லாஸ் வேகாஸுக்கு அழைத்துச் சென்று விருந்தளித்து, யாரும் அடையாளம் காணாமல் அவர்கள் நடமாடக் கிடைத்த கடைசி வாய்ப்பு அதுதான் என்று சொன்னார். சூதாட்டக் கூடத்தில் செலவழிக்கப் பணமும் கொடுத்தார். முதல் பாகத்தில் நடிகர்களுக்குள் அமையும் நெருக்கத்தையும் பேச்சின் வேகத்தையும் ஒட்டியே பின்னால் வரும் இயக்குநர்கள் தொடரை நடத்த வேண்டியிருக்கிறது. ஆகவேதான் புதிய தொடர்களின் முதல் பாகத்துக்கு அமெரிக்க நிறுவனங்கள் பரோஸைத் தேடிப் போயின.